வெறுங்கையில் ஐம்பது கிலோ

தூக்கிவிட்டார். ஹாலின் நடுவில், பனியனும் கட்டம்போட்ட லுங்கியுமாக நின்றுகொண்டு, என் வீட்டுக்காரர் வெறுங்கையில் ஐம்பது கிலோவைத் தூக்கிவிட்டார். டிவி ஸ்டாண்டில் சாய்த்துவைத்த செல்போனில் தோளெல்லாம் உருண்டு திரண்ட ஒரு பையன் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறான். கையில் ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள் சார், ஐம்பது கிலோ இருக்கிறது என்று நினையுங்கள், எதிர்ப்பை நீங்களே உண்டாக்குங்கள், மூளை நம்பிவிட்டால் சதையும் நம்பிவிடும், ஜிம் வேண்டாம், கம்பி வேண்டாம், செலவு வேண்டாம். பூபாலன் நம்பிவிட்டார். மனசுக்குள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அங்கே யார் வந்து கேட்கப்போகிறார்கள். பூபாலன் பல்லைக் கடிக்கிறார், மூக்கு விடைக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, இரண்டு கையும் நடுங்கிக்கொண்டே நெஞ்சுவரை வந்து தலைக்கு மேலே போகின்றன. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருமினால் ஆபரேஷன் தையல் இழுக்கும், தும்மினால் இழுக்கும், சிரித்தால் ரொம்ப இழுக்கும். அதனால் சிரிக்கவில்லை. அதனால் மட்டும்தானா. அடுப்படியில் மகள் தர்ஷிணி தோசை ஊற்றும் சத்தம் கேட்கிறது. மாவு கல்லில் சுர்ரென்கிறது, கரண்டி சுற்றுகிறது, மூடி விழுகிறது, அவ்வளவுதான். பத்து மணிக்கு என் பழைய சிநேகிதி செல்வராணி வருவாள். வந்து தர்ஷிணியைக் கூப்பிடுவாள். அதற்குள் ஏதாவது நடந்துவிட வேண்டும், மழை வரலாம், அவள் வண்டி பஞ்சராகலாம், இல்லை, பஞ்சராகக் கூடாது, அவள் வரவேண்டும், வந்தால் நான் என்ன சொல்வேன்.

ஐம்பது கிலோவை யாரும் அப்படித் தூக்குவதில்லை. முழங்கைதான் முதலில் மடங்குகிறது அவருக்கு. கம்பி நிஜமாகக் கையில் இருந்தால் ஆரம்பத்தில் கைக்கு ஒரு வேலையும் கிடையாது, கை வெறும் கயிறு மாதிரி தொங்க வேண்டும், வேலையெல்லாம் குதிகாலுக்கும் தொடைக்கும்தான். அவர் குதிகால் தரையிலேயே இல்லை, எம்பிக்கொண்டிருக்கிறது, ஐம்பது கிலோவோடு அப்படி எம்பியிருந்தால் இந்நேரம் டிவி மேல் விழுந்திருப்பார். எனக்கு ஐம்பது கிலோவைத் தெரியும். அதற்கு மேலேயும் தெரியும். தரையிலிருந்து இழுக்கும்போது அது முதலில் வரவே வராது, எடைத் தட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடைவெளி அடைபட்டு ஒரு சத்தம் மட்டும் வரும், டக்கென்று, அந்தச் சத்தத்தில் அது நம்மை ஒருதரம் பார்த்துவிட்டு அப்புறம்தான் கிளம்பும். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேலேயே உரசிக்கொண்டு ஏறும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என் இரண்டு காலிலும் அந்த இடத்தில் தோல் கறுத்துக் காய்த்திருந்தது. கொலுசு போட்டால் அழகாயிருக்காது என்று அம்மா அழுதாள். கட்டைவிரலைக் கம்பியோடு சேர்த்து வைத்து மற்ற விரல்களால் அதை மூடிப் பிடிக்க வேண்டும், ஆரம்பத்தில் உயிர் போகும், பழகிவிட்டால் வேறு மாதிரி பிடிக்கவே வராது. இப்போதும் பஸ்ஸில் மேலே இருக்கும் கம்பியைப் பிடித்தால் என் கட்டைவிரல் தானாக உள்ளே போய்விடும். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது மனசுக்குள் போட்டி மேடையில் நிற்பேன். துணி காயப்போடும்போது மேடையில் நிற்பேன். கையில் கம்பி வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைத் தூள், எதிரில் மூன்று நடுவர், சத்துவாச்சாரியில் நான் பழகிய அந்தத் தகரக் கூரை போட்ட கொட்டகை, மூச்சை வயிற்றில் இறக்கிப் பூட்டி, இழு. எத்தனை வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன் வெறுங்கையில். செல்போன் பையன் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான். தம்பி, நான் இதைக் கல்யாணமானதிலிருந்து செய்கிறேன், எந்தச் சதையும் ஏறவில்லை.

ஆனால் வயிறு இறுகுகிறது. இதோ, இப்போதுகூட, அவர் இரண்டாவது தடவை குனிந்ததும் என் தொடை தானாக முறுக்கிக்கொண்டது, அடிவயிற்றில் தையல் சுருக்கென்றது. நினைத்ததற்கே வலிக்கிறது என்றால் அந்தப் பையன் சொல்வது உண்மைதான் போல. பக்கெட் தண்ணிகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார்கள். நினைக்கலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டது வேறு. வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு, இவர் ஆட்டோ பிடிக்கப் போயிருந்த நேரத்தில் கேட்டேன். மேடம், சின்ன வயசுல வெயிட் தூக்குனதாலயா இப்டி ஆச்சு? அந்தம்மா எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "யாரும்மா சொன்னது? இது கர்ப்பப்பைக் கட்டி, யாருக்கு வேணா வரும். எங்க அம்மாவுக்கும் வந்துச்சு. அவங்க காய்கறிப் பையத் தவிர எதையும் தூக்குனது கிடையாது." கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலி என்று நினைத்து மாத்திரை ஒன்று சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் வரும்போதே இவரிடம் சொன்னேன். அவர் ஆட்டோக்காரரிடம் பள்ளம் பார்த்துப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். "டாக்டருங்க ஒருத்தர் ஒண்ணு சொல்லுவாங்க, இன்னொருத்தர் ஒண்ணு சொல்லுவாங்க," என்றார். அதோடு முடிந்தது. அப்புறம் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர்தான் சொன்னார், ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி. "சின்ன வயசுல வெயிட்டு தூக்குச்சு இல்ல. பொம்பள உடம்புக்கு அது ஆவாது. இப்ப காட்டிருச்சு." நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். கேட்டுக் கேட்டு எனக்கே, ஒருவேளை, என்று ஓடும். உள்ளே ஏதோ ஒன்று அப்போதே இறங்கியிருக்குமோ, கொட்டகையில் கடைசியாகத் தூக்கியபோது இடுப்பில் பிடித்ததே, அதுவோ. இல்லை என்று டாக்டரம்மா சிரித்தார்களே. சிரித்தார்கள். ஆனால். மறுபடி முதலிலிருந்து.

அவர் கெட்டவர் கிடையாது. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். ஒருநாளும் போட்டிக்குப் போகாதே என்று அவர் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தபோது நான் கம்பியைத் தலைக்கு மேல் பிடித்து நிற்கிற போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார், கல்யாணத்துக்கு அப்புறமும் போகட்டும் என்றார், எங்கள் அப்பா பூரித்துப்போனார். ரங்காபுரத்து வீட்டிலிருந்து இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்றைக்கு நான் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன். அவர் சுவர்க் கடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். கீழ் வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்து, "இன்னா பூபாலன், கூலியாளு மிச்சமா உங்களுக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். அன்றைக்கு மாலையே ஆள் வைத்து பீரோவை ஏற்றினார். அதற்கப்புறம் நான் ஒரு சிலிண்டரை உருட்டினால்கூட, இருக்கட்டும் இருக்கட்டும், பையனை வரச்சொல்றேன் என்று ஓடி வருவார். அதற்கப்புறம்தான் சேலத்துப் போட்டி அன்றைக்கு நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தது, போயே ஆகவேண்டும். அடுத்த போட்டிக்கு அவருக்குக் காய்ச்சல், நான் பக்கத்தில் இல்லாவிட்டால் கஞ்சி இறங்காது. அடுத்ததற்கு, தனியா எப்டி போவ, நான் லீவு கேட்டுப் பாக்கறேன். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர், லீவு கிடைக்கவில்லை. கிடைக்காமலே இருந்தது. நான் ஒருதரமாவது போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேனா. சொல்லவில்லை. ஏதோ பெரிய கல் நிற்கிற மாதிரி, அதை நகர்த்தினால் வீடே சரிந்துவிடுகிற மாதிரி இருக்கும், அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்ளும். அப்புறம் கரு கலைந்தது, மறுபடி கலைந்தது, அப்புறம் தர்ஷிணி பிறந்தாள். அவளைச் சுமந்த கருப்பைதான் இப்போது இல்லை.

இப்போது முதுகைக் காட்டி நிற்கிறார். தோள்பட்டை எலும்பு இரண்டும் பனியனுக்குள் துருத்திக்கொண்டிருக்கின்றன. சர்க்கரை வந்ததிலிருந்து இப்படித்தான், கை இரண்டும் வற்றிக்கொண்டே வருகிறது, அவர் அப்பாவுக்கும் இப்படி வற்றித்தான் போனது. சதையை ஏற்றுங்கள், அதுதான் சர்க்கரைக்கு நல்லது என்று கம்பெனி டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு சாயங்காலம் புது ஷூ போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போனார், போன சூட்டிலேயே திரும்பி வந்தார், ஒரே வேர்வை நாத்தம் என்றார். அந்த ஜிம் செல்வராணியின் அண்ணனுடையது. படுத்துக்கொண்டு வெறும் கம்பியை நெஞ்சுக்கு இறக்கியிருக்கிறார், ஏற்ற முடியவில்லை, இரண்டு பேர் வந்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். செல்வராணி சொன்னாள். கேட்டதும் எனக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், நெஞ்சு முழுக்க இனித்தது. அப்புறம் வீட்டுக்கு வந்து அவர் கேட்காமலேயே தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது. அவருக்குத் தெரியாது எனக்குத் தெரியும் என்று. ஆஸ்பத்திரியில் என் மூத்திரப் பையைக் காலி பண்ணியவர். பேப்பர் விரித்துத் தரையில் படுத்தவர். இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும் என்றாள் நர்ஸம்மா. ஆமாம் என்றேன். மூத்திரப் பையைக் காலி பண்ணியவரை எதிர்த்து என்ன பேசுவது, எந்த வாயால் பேசுவது.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது தர்ஷிணிதான் ஆரம்பித்தாள். அப்பா, நாளைக்கு வெயிட்லிஃப்டிங் செலக்ஷன்பா, செல்வராணி ஆண்ட்டி வந்து கூட்டிட்டுப் போறேன்னாங்க. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அவளைப் பார்த்துவிட்டு செல்வராணி எனக்குப் போன் போட்டு, முதுகு அப்படியே உன்னுது குணா, உக்காந்து எழுந்திருக்கறதப் பாத்தா நீயேதான் என்று கத்தினாள். செல்வராணியும் நானும் ஒரே கொட்டகையில் பழகியவர்கள், அவள் கம்பியை விடவில்லை, இப்போது ஸ்டேடியத்தில் கோச். விளையாட்டு விடுதியில் சேர்த்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, கோபமே இல்லாமல், பரிவாகச் சொன்னார். "வேணாம் கண்ணு. அம்மாவப் பாரு. அந்தக் கம்பியத் தூக்கித்தான் இன்னிக்கு இந்தக் கதி. நாளைக்கு உனக்கும் கல்யாணம், கொழந்தன்னு இருக்கு." தர்ஷிணி என்னைப் பார்த்தாள். நான் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். வாயில் தண்ணீர் இருந்தது. முழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். முழுங்கினேன். டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள், வலது கையில் சோறு அப்படியே இருந்தது. ரசம் வேணுமா என்று கேட்டேன். அந்தப் பார்வை. பதினாலு வயசுப் பெண் அப்படிப் பார்க்கலாமா. கெஞ்சவில்லை, கோபப்படவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

வண்டிச் சத்தம். செல்வராணியின் வண்டிதான், சைலன்ஸர் உடைந்த வண்டி. படி ஏறுகிறாள், இரண்டு இரண்டு படியாக, இத்தனை வயசிலும். பூபாலன் ஐம்பது கிலோவை நடுவாந்தரத்தில் விட்டுவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே நுழைகிறாள், நரைத்த முடி ஒட்டக் கத்தரித்திருக்கிறாள், ட்ராக் சூட்டில் வெள்ளைத் தூள் அப்பியிருக்கிறது. என் மூக்கு அதை நோக்கித்தான் போகிறது.

"குணா, எப்டிடி கீற? எழுந்திருக்காத, உக்காரு உக்காரு. சார், எக்ஸர்சைஸா?"

"ஆமா. இது புதுசு," என்றார். வெட்கமும் பெருமையுமாக. "வெயிட்டே இல்லாம பண்றது. இருக்குன்னு நெனச்சுக்கணும். கை பாருங்க, கொஞ்சம் ஏறியிருக்கு."

"நல்லது சார். எதனா ஒண்ணு பண்ணணும்," என்றாள் செல்வராணி, அவர் கையைப் பார்க்காமல். "தர்ஷிணி! கிளம்பிட்டியா?"

அடுப்படியில் சத்தம் நின்றது. பூபாலன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார், "இல்லம்மா, அது வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். நீங்க தப்பா நெனைக்காதீங்க. குணா நெலமையப் பாக்கறீங்க இல்ல. பொம்பளப் புள்ளைங்க உடம்பு…"

செல்வராணி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நேற்று ஒருத்தி, இன்றைக்கு ஒருத்தி. கம்பி கழுத்தெலும்பின் மேல் வந்து உட்காரும் ஒரு நேரம் உண்டு, குரல்வளையை அழுத்தும், மூச்சு வராது, கண்ணில் கறுப்பு மிதக்கும், எழுந்தாலும் சரி, கீழே போட்டாலும் சரி, உட்கார்ந்தே இருக்க முடியாது. தலையணையை வயிற்றோடு இறுக்கிக்கொண்டேன். தையல் இழுத்தது. இழுக்கட்டும்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க," என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "அந்தக் கட்டி யாருக்கு வேணா வரும். நான் தூக்குனதால வரல. அவ போவட்டும்."

"எப்ப சொன்னாங்க?"

"வீட்டுக்கு வர்ற அன்னிக்கு. ஆட்டோல வர்றப்ப உங்ககிட்ட சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். நான் காத்திருந்தேன். என்ன வரும் என்று காத்திருந்தேன், சத்தமா, அழுகையா, சாப்பிடாமல் எழுந்து போவதா, ஒரு வாரம் பேசாமல் இருப்பதா, இத்தனை வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது எந்த உருவத்தில் வரப்போகிறது என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார்.

"அப்டின்னா போவட்டும்," என்றார். "நான் இன்னா புடிச்சா வெச்சிருக்கேன்? உனக்கு இஷ்டம்னா நேத்தே சொல்றதுதானே." பிறகு செல்வராணியிடம், "காபி குடிக்கிறீங்களா?" என்றார்.

அவ்வளவுதானா. அவ்வளவுதான். இதைச் சொல்லவா இத்தனை வருஷம். சேலம், அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாவற்றுக்கும் இதுதானா, ஒருதரம் வாயைத் திறந்திருந்தால், துண்டை உதறிவிட்டுக் காபி போடச் சொல்லியிருப்பாரா. அவர் மேல் வந்திருக்கவேண்டிய கோபம் போக இடம் தெரியாமல் உள்ளேயே சுற்றியது. செல்வராணி என் தோளைத் தட்டி, "தர்ஷிணி, வா வா, நேரமாவுது," என்று கூப்பிட்டாள்.

தர்ஷிணி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் தோசைக் கரண்டி. ட்ராக் பேன்ட் போடவில்லை, வீட்டில் போடுகிற பழைய நைட்டியிலேயே இருந்தாள்.

"நான் வரல ஆண்ட்டி."

"அப்பா சரின்னுட்டாரு கண்ணு."

"கேட்டுச்சு. எனக்கே வேணாம்."

"இன்னிக்கு விட்டா அப்புறம் கெடையாதுடி. அடுத்த வருஷம் உனக்கு வயசு தாண்டிடும்."

"பரவால்ல ஆண்ட்டி. தோசை தீயுது," என்று உள்ளே போய்விட்டாள்.

செல்வராணி ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். உடம்பப் பாத்துக்கோ குணா என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள், இந்தத் தடவை ஒவ்வொரு படியாக. பூபாலன், "பாத்தியா, அவளுக்கே வேணாமாம்," என்றார். ஜெயித்த குரல் இல்லை அது, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அதையாவது ஜெயித்த குரலில் சொல்லியிருக்கலாம்.

நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். சுவரைத் தொட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். அவள் முதுகைக் காட்டி நின்றாள். செல்வராணி சொன்னது சரிதான், என் முதுகுதான், அகலமாக, நேராக, நடுவில் பள்ளம் விழுந்து. யாரும் எதையும் ஏற்றாத முதுகு.

"ஏன்டி? ஆசையாதானே இருந்த?"

"இருந்துச்சு."

"அப்புறம் இன்னா?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "நேத்து ராத்திரி போன்ல தேடிப் பாத்தேம்மா. வெயிட் தூக்குனா கர்ப்பப்பை எறங்கிடும்னு ஒரு வீடியோ. கொழந்தையே பொறக்காதுன்னு இன்னொண்ணு. எனக்குப் பயமா இருக்கு."

"அதெல்லாம் பொய்டி. டாக்டரம்மாவே சொன்னாங்க. இப்பதானே அப்பாகிட்ட சொன்னேன், நீயே கேட்டல்ல?"

"கேட்டேன்." அடுப்பைச் சின்னதாக்கினாள். "பொய்னா நேத்து நான் உன்னப் பாத்தப்பவே சொல்லியிருப்பல்ல. நீ ரசம் வேணுமான்னு கேட்ட. இப்ப ஆண்ட்டி வந்ததும் எனக்கோசரம் சொல்ற."

இல்லை, இதுதான் நிஜம், நேற்று பேசாமல் இருந்ததுதான் பொய் என்று எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பித்தால் அவள் நம்புவாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இதையெல்லாம் எழுதித் தர மாட்டார்கள். டாக்டரம்மாவிடமே கூட்டிப்போகலாம், பத்து நாள் கழித்து மறுபடி காட்டப் போகவேண்டும், ஆனால் செலக்ஷன் இப்போது, இந்த நிமிஷம், அங்கே ஸ்டேடியத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் தோளில் கை வைத்தேன். விலகவில்லை. அம்மா நிற்க முடியாமல் சாய்கிறாள் என்று நினைத்து, கரண்டியை வைத்துவிட்டு என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்தாள், கெட்டியாக, என் முழு பாரத்தையும் ஒரு மூச்சுக்கூட மாறாமல் தாங்கிக்கொண்டாள். "நிக்காதம்மா, வலிக்கும்," என்றாள். "போய் உக்காரு, நான் எடுத்துட்டு வரேன்."

ஹாலிலிருந்து பூபாலன், "தர்ஷிணி, எனக்கு இன்னொரு தோசை கண்ணு, நல்லா முறுகலா," என்றார்.

"வரேம்பா," என்று என்னைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, அவள் கல்லில் எண்ணெய் விட்டாள்.